ராண்டமைசரில் ஐட்டம் வைக்கும்போது வரும் சிக்கல்கள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

ஒரு வீடியோ கேமில் எந்த ஐட்டம் எங்கே கிடைக்கும் என்பதைக் கலைத்துப் போடும் நிரல்தான் ராண்டமைசர். சொந்தமாக அதை எழுத ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஐட்டங்களைக் கலைத்துப் போடுவது பத்து வரி வேலை. போட்ட பிறகு இந்த ஆட்டத்தை முடிக்க முடியும் என்று உறுதி கொடுப்பதில்தான் மீதி வேலை எல்லாம் இருக்கிறது. இதே பிழைகளைத் திரும்பத் திரும்பத் தேடிச் சரிசெய்ததில் சேர்ந்தவை இந்தக் குறிப்புகள். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போய்விடுங்கள், ஒவ்வொன்றிலும் சுலபமான சோதனை முதலில், நேரம் பிடிப்பது கடைசியில்.

உதாரணங்களைப் பெரும்பாலும் 1991இல் சூப்பர் ஃபாமிகாமில் வந்த செல்டா ஆட்டமான எ லிங்க் டு தி பாஸ்ட்டிலிருந்து எடுக்கிறேன். அதன் ராண்டமைசரில் ஐட்டம் வைக்கும் 216 இடங்கள், இங்கே பேசப்போகும் எல்லா வகைச் சிக்கலுக்கும் அதில் ஒரு மூலை உண்டு. மொழி பைத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

"தோற்றால் அடுத்த சீடை எடுத்து மறுபடி ஓட்டு" என்று ஒரு லூப் போட்டிருப்பீர்கள் (சீடு என்பது கலைப்பைத் தீர்மானிக்கும் தொடக்க எண், அதிலிருந்து உருவாகும் ஆட்டத்தையும் சீடு என்றே சொல்வோம்). பிழை தேடி முடிக்கும்வரை அதை எடுத்துவிடுங்கள். நூறு சீடில் மூன்று தோற்றாலும் தொண்ணூறு தோற்றாலும் அந்த லூப் இருக்கும்வரை வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும், பிழை உள்ளே உட்கார்ந்துகொண்டே இருக்கும்.

அப்புறம், சீடு எண், ஆட்டக்காரர் தேர்ந்த செட்டிங்குகள், கோடின் வெர்ஷன், இந்த மூன்றும் ஸ்பாய்லர் லாக்கின் (எந்த ஐட்டம் எங்கே என்று எழுதி வைக்கும் ஃபைல்) தலையில் பதிவாக வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் யாரோ சொன்ன பிழையை உங்கள் கணினியில் மறுபடி வரவழைக்க முடியாது.

மூன்றாவதுதான் முக்கியம்: தனியாக ஒரு சரிபார்ப்பு ஃபங்ஷன் எழுதுங்கள். ஃபில், அதாவது ஐட்டங்களை இடங்களில் வைக்கும் பகுதி, அதன் கோடோடு இதற்கு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது, இதற்குத் தெரிந்தது ரூல்களும் (எந்த இடத்தை எட்ட எந்த ஐட்டம் வேண்டும் என்ற விதிகள்) முடிவில் எந்த இடத்தில் எந்த ஐட்டம் என்ற பட்டியலும் மட்டும். கையில் ஆரம்ப ஐட்டம் மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கி, எட்டும் இடங்களில் இருப்பதையெல்லாம் எடுத்து, அதைக் கொண்டு இன்னும் எட்டுவதை எடுத்து, புதிதாக எதுவும் எட்டாத வரை போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கிடைத்ததை ஒரு ஸ்பியராக லாக்கில் எழுதுங்கள். கடைசியில் இலக்கை எட்டியதா இல்லையா என்பதை இந்த ஃபங்ஷன் சொல்லட்டும், ஃபில் சொல்வதை நம்ப வேண்டாம்.

## அறிகுறி 1: ஃபில் பாதியில் நின்றுவிடுகிறது, "வைக்க இடமில்லை" என்கிறது

எண்ணிக்கை சரியா? பூலில் (வைக்க வேண்டியவற்றின் தொகுப்பு) உள்ள ஐட்டங்களின் எண்ணிக்கையும் நிரப்ப வேண்டிய இடங்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றினால் மட்டும் தோற்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான்: அந்த செட்டிங் கடைகளையோ சில பெட்டிகளையோ பட்டியலிலிருந்து எடுத்திருக்கும், பூலைக் குறைக்க மறந்திருக்கும். ஃபில் தொடங்கும் முன் இரண்டு எண்ணையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்தும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

எல்லா ஐட்டமும் கையில் இருந்தால் எல்லா இடமும் எட்டுமா? எந்த ஐட்டத்தையும் எங்கும் வைக்காமல், முழு பூலையும் ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டு எட்டாத இடங்களை அச்சிடுங்கள். பட்டியல் காலியாக வர வேண்டும்.

- காலியாக இல்லை என்றால் ஃபிலைத் தொடவே வேண்டாம், பிழை ரூலில் அல்லது வரைபடத்தில் இருக்கிறது. அந்த இடங்கள் எல்லாம் ஒரே பகுதியில் குவிந்திருந்தால் அந்தப் பகுதிக்குப் போகும் வழியை இணைக்க மறந்துவிட்டீர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பெயர்களைப் பாருங்கள். ரூல் "மாஸ்டர் ஸ்வோர்ட்" கேட்கும், பூலிலோ "ப்ரொக்ரெஸிவ் ஸ்வோர்ட்" என்ற பெயரில் நான்கு பிரதிகள் இருக்கும்; பெயர் பொருந்தாததால் எந்த எரரும் வராது, ரூல் சத்தமில்லாமல் எப்போதும் "இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பூலில் இல்லாத பெயரை ரூல் கேட்டால் உடனே எரர் எழுப்பும்படி செய்வது அரை மணி நேர வேலை, அதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. இன்னொன்று, ரூல் கேட்கும் ஐட்டத்தைத் தவறுதலாகச் சாதாரண ஐட்டம் என்று குறித்திருக்கலாம். ஆர்கிபெலகோ போன்ற கட்டமைப்புகளில் முன்னேற்ற ஐட்டம் (புதிய இடங்களைத் திறப்பது) என்று குறித்தவை மட்டும்தான் லாஜிக் கணக்கில், அதாவது எது எட்டும் என்ற கணக்கில், வரும், மற்றவற்றைக் கையில் கொடுத்தாலும் எண்ணாது.
- காலியாக வந்தது என்றால் கீழே போங்கள்.

சரியான வரிசையில் வைக்கிறீர்களா? குறைந்த இடங்களில் மட்டுமே போகக்கூடிய ஐட்டத்தை முதலில் வைக்க வேண்டும். ஸ்வாம்ப் பேலஸ் என்ற டஞ்சன் (பூட்டிய கதவுகளும் பெட்டிகளும் உள்ள பகுதி) இதற்கு நல்ல உதாரணம். சாவிகள் தத்தம் டஞ்சனுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற வழக்கமான செட்டிங்கில், பூட்டிய கதவுக்கு முன்னால் எட்டும் பெட்டி நுழைவறையில் உள்ள ஒன்றே ஒன்றுதான். அதனால் அந்த டஞ்சனின் ஒரே சிறு சாவி அங்கே மட்டும்தான் இருக்க முடியும். மற்ற ஐட்டங்களை முதலில் தூவிவிட்டு, சாவிக்கு முன்பாக ஹூக்‌ஷாட்டோ இருபது ரூபியோ (ஆட்டத்தின் காசு) அந்தப் பெட்டியில் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. டஞ்சன் சாவிகள், டஞ்சனுக்குள் கட்டுப்பட்ட மற்றவை, அப்புறம் பொது முன்னேற்ற ஐட்டங்கள், கடைசியில் ரூபி, அம்பு, குண்டு, இந்த வரிசையில் போங்கள்.

எட்டுவதை முழுக்க எடுக்கிறதா? அசூம்டு ஃபில், அதாவது இன்னும் வைக்காதவை எல்லாம் கையில் இருப்பதாகக் கொண்டு வைக்கும் முறை, எழுதியிருந்தால், ஒரு ஐட்டத்தை வைக்கும்போது கையில் இருப்பதாகக் கொள்ள வேண்டியவை இரண்டு வகை: இன்னும் வைக்காமல் மீதம் உள்ளவை, ஏற்கெனவே வைத்ததில் இப்போது எட்டுபவை. இரண்டாவது வகையைச் சேர்க்க மறந்தாலோ, புதிதாக எதுவும் எட்டாத வரை சுற்றாமல் ஒரே சுற்றில் நிறுத்திக்கொண்டாலோ ஃபில் தேவையில்லாமல் பயந்துபோய் இடமில்லை என்று சொல்லும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சில சீடுகள் மட்டும் தோற்கின்றன என்றால் அது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். செட்டிங்குகள் நெருக்கமாக இருக்கும்போது கடைசி ஒன்றிரண்டு ஐட்டங்களுக்கு இடம் கிடைக்காமல் போவது உண்டு. ஏற்கெனவே வைத்த ஒன்றை எடுத்து, அந்த இடத்தில் இதை வைத்து, எடுத்ததை மறுபடி வரிசையில் சேர்க்கும் முறையைப் போடுங்கள். அதற்கும் பிறகு மிஞ்சுவதற்கு மட்டும் மறுமுயற்சி லூப்பைத் திரும்பக் கொண்டுவரலாம், எத்தனை முறை சுற்றியது என்பதையும் லாக்கில் எழுதும்படி வைத்து.

## அறிகுறி 2: சீடு உருவாகிறது, ஆட்டத்தை முடிக்க முடியவில்லை

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். யாரோ ஒருவர் பல மணி நேரம் ஆடிவிட்டு, எல்லாப் பெட்டியையும் திறந்துவிட்டு, அப்புறம் வந்து சொல்கிறார். அவர் சீடையும் செட்டிங்கையும் வாங்கி முதலில் சரிபார்ப்பு ஃபங்ஷனில் ஓட்டுங்கள். அது சொல்வதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரிகிறது.

### சரிபார்ப்பும் "முடியாது" என்கிறது

அப்படியென்றால் ரூல்கள் சரி, ஃபில்தான் தவறு. பார்க்க வேண்டியவை சில மட்டும்.

ஹூக்‌ஷாட்டை வைக்கும்போது, கையில் இருப்பதாகக் கொள்ளும் பட்டியலிலிருந்து முதலில் ஹூக்‌ஷாட்டை நீக்கிவிட்டு அப்புறம்தான் எட்டும் இடங்களைக் கணக்கிட வேண்டும். வரிசை மாறினால் ஹூக்‌ஷாட் ஹூக்‌ஷாட்டுக்குப் பின்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்து, கணக்கிட்டு வைத்த பழைய எட்டும் பட்டியலையே திரும்பப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். ஒரு ஐட்டத்தை நீக்கினால் அந்த கேஷ் முழுவதையும் தூக்கி எறிய வேண்டும். மூன்றாவது, நிலையைக் காப்பி செய்யும்போது உள்ளே இருக்கும் டிக்‌ஷனரியும் காப்பியாகிறதா, இல்லை இரண்டு நிலைகளும் ஒரே டிக்‌ஷனரியைப் பகிர்ந்துகொள்கின்றனவா? கடைசியாக, லாஜிக் பார்க்காமல் தூவும் சாதாரணக் கூட்டத்தில் ரூல் கேட்கும் ஐட்டம் ஏதாவது போய்விட்டதா என்பதையும் பாருங்கள்.

### சரிபார்ப்பு "முடியும்" என்கிறது, ஆட்டக்காரர் முடியவில்லை என்கிறார்

ஆட்டக்காரரை நம்புங்கள். ரூல்தான் நிஜ ஆட்டத்தைவிடத் தளர்வாக இருக்கிறது. லாக்கில் ஸ்பியர் வரிசையைத் திறந்து, அவர் எந்த ஸ்பியரில் நின்றுபோனார், அங்கே ரூல் எதை எட்டும் என்கிறது என்று பாருங்கள். அந்த ஓர் இடம் தெரிந்துவிட்டால் தேடல் பெரும்பாலும் முடிந்துவிடும்.

அடைப்புக்குறி. எ லிங்க் டு தி பாஸ்ட்டில் லைட் வேர்ல்டு, டார்க் வேர்ல்டு என்று இரண்டு உலகங்கள். டார்க் வேர்ல்டுக்குள் மூன் பேர்ல் என்ற ஐட்டம் இல்லாமல் போனால் ஆட்ட நாயகன் லிங்க் முயலாகிவிடுவான், வாள் வீச முடியாது. அதனால் வடமேற்கு டார்க் வேர்ல்டுக்கு ஒரு ரூல்: மூன் பேர்ல் வேண்டும், அதோடு, பவர் க்ளவும் ஹாமரும் சேர்ந்தோ அல்லது டைட்டன்ஸ் மிட் மட்டுமோ வேண்டும். பின்பகுதிக்கு அடைப்புக்குறி போடாமல் எழுதினால் மிட் ஒன்றே போதும், பேர்ல் தேவையில்லை என்று பைத்தான் புரிந்துகொள்ளும். "மற்றும்", "அல்லது" இரண்டும் கலந்த ஒவ்வொரு ரூலையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

லூப்புக்குள் எழுதிய லாம்டா. பத்து கதவுகளுக்கு ஒரு லூப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் ஐட்டத்தைக் கேட்கும் லாம்டாவை ரூலாக வைத்திருக்கிறீர்களா? பைத்தான் லாம்டா, லூப் மாறியின் மதிப்பை எழுதும்போது எடுத்துக்கொள்வதில்லை, ஓடும்போதுதான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்திருக்கும், பத்து கதவும் கடைசிக் கதவின் ஐட்டத்தையே கேட்கும். மாறியை லாம்டாவின் முன்னிருப்பு அளவுருவாகக் கொடுத்தால் சரியாகிவிடும். கோடைப் படிக்கும்போது கண்ணுக்கே தெரியாத பிழை இது, ஆகவே சந்தேகம் வந்தால் ஒவ்வொரு கதவுக்கும் அதன் ஐட்டத்தை மட்டும் கொடுத்துத் திறக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்கள்.

வேறோர் இடத்தில் செய்த காரியம். ஸ்வாம்ப் பேலஸுக்குள் போக டார்க் வேர்ல்டில் நின்றால் மட்டும் போதாது, லைட் வேர்ல்டில் அணையின் மதகைத் திறந்திருக்க வேண்டும். இதை "அணைப் பகுதி எட்டுமா" என்று நுழைவாயில் ரூலுக்குள் கேட்டால் கேஷ் குழம்பும். ஆர்கிபெலகோவில் அப்படிக் கேட்பதென்றால் அதை மறைமுக நிபந்தனையாகத் தனியே பதிவும் செய்ய வேண்டும். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: அணையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தை உருவாக்கி, "மதகு திறந்தது" என்ற பொய் ஐட்டத்தை அங்கே நிரந்தரமாகப் பூட்டிவிடுங்கள். பேலஸ் ரூல் அந்த ஐட்டத்தை மட்டும் கேட்கட்டும். படிக்கவும் எளிது, பிழையும் குறைவு.

சிறு சாவிகள். இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். ஹூக்‌ஷாட் பயன்படுத்தினால் தீராது, சாவி தீர்ந்துவிடும். பேலஸ் ஆஃப் டார்க்னஸில் 6 சிறு சாவிகள், கதவுகளோ பல திசைகளில். "இந்தக் கதவுக்கு ஒரு சாவி" என்று ரூல் எழுதினால், ஆட்டக்காரர் அந்த ஒரு சாவியை வேறு கதவில் செலவழித்துவிட்டு வெறும் கையோடு நிற்பார், தவறு அவருடையது அல்ல. ரூல் எப்போதும் மோசமான செலவை எண்ண வேண்டும்: இந்தக் கதவைத் தொடாமலேயே அவர் வேறு எத்தனை கதவுகளில் சாவியை வீணாக்க முடியும், அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், அத்தனை சாவி கைக்கு வந்தால்தான் இந்தக் கதவு லாஜிக்கில் திறந்தது. மனக்கணக்கை நம்ப வேண்டாம். 6 கதவு என்றால் திறக்கும் வரிசைகள் 720 மட்டுமே, எல்லாவற்றையும் கணினியில் ஓட்டி எந்த வரிசையிலாவது ஆட்டக்காரர் சிக்குகிறாரா என்று பார்த்துவிடலாம், ஒரு நொடிகூட ஆகாது.

திரும்ப முடியாத வழி. எ லிங்க் டு தி பாஸ்ட்டில் சேவ் செய்து வெளியேறினால் லிங்கின் வீட்டுக்கோ சாங்க்சுவரிக்கோ வந்துவிடலாம், அதனால் அதன் லாஜிக் குழியில் விழுவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் ஆட்டத்தில் அந்த வசதி இல்லையென்றால், ஒருவழிப் பாதை ஒவ்வொன்றுக்கும் அப்பால் இருந்து திரும்பி வரத் தேவையான ஐட்டத்தைப் போகும் ரூலிலேயே கேட்க வேண்டும். காலம் மாறும் ஆட்டங்களில் இது இரட்டிப்பாகும். ஆக்கரினா ஆஃப் டைமில் சிறுவன் லிங்க் எட்டும் சில இடங்கள் பெரியவன் லிங்குக்கு எட்டாது, எட்டும் பட்டியலையே இரண்டாக வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் அந்த ஆட்டத்தின் ஸ்பீட்ரன் (மிக வேகமாக ஆடி முடிக்கும்) ஆட்களிடம் கேளுங்கள். எந்த அறைக்கு எந்த ஐட்டம் நிஜமாகவே தேவை, எதைக் குதித்துத் தாண்டிவிடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நீங்கள் கோடு எழுதுவதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

## அறிகுறி 3: ஒரே சீடு, வெவ்வேறு விடை

ஒரே கணினியில் இரண்டு முறை ஓட்டினால் மாறுகிறதா, இல்லை இன்னொருவர் கணினியில் மட்டும் மாறுகிறதா?

ஒரே கணினியிலேயே மாறினால் குற்றவாளி பெரும்பாலும் பைத்தானின் செட் (வரிசை இல்லாத தொகுப்பு). பைத்தான் 3.3 முதல் சரங்களின் ஹாஷ் ஒவ்வொரு முறை நிரலைத் தொடங்கும்போதும் மாறும், அதனால் ஐட்டம் பெயர்கள் கொண்ட செட்டில் வரிசையும் மாறும். அந்தச் செட்டிலிருந்து பட்டியல் எடுத்துக் கலைத்தால் சீடு ஒன்றாக இருந்தும் விடை வேறாகத்தான் வரும். கலைக்கும் முன் வரிசைப்படுத்துங்கள், அவ்வளவுதான். 3.11இல் செட்டிலிருந்து நேராக மாதிரி எடுக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள், இந்தத் தலைவலியில் ஒரு பகுதி அதனால் குறைந்தது. டிக்‌ஷனரி 3.7 முதல் சேர்த்த வரிசையைக் காக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

செட் இல்லையென்றால், யாரோ பொதுவான ரேண்டம் மாட்யூலை நேராக அழைக்கிறார்கள். லிங்கின் உடை நிறத்துக்கும் பாட்டுக் கலைப்புக்கும் அதே எண் ஓடையைப் பயன்படுத்தினால், நிறம் மாற்றிய ஒருவருக்கு ஐட்டங்களும் மாறிவிடும். ஐட்டம் வைக்க ஒன்று, அலங்காரத்துக்கு ஒன்று என்று தனித்தனி ரேண்டம் ஆப்ஜெக்ட் வைத்து, கையோடு கடத்துங்கள். பந்தயம் ஆடுபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

இன்னொருவர் கணினியில் மட்டும் மாறினால் பைத்தான் வெர்ஷன், உங்கள் கோடு வெர்ஷன், கோப்புறையில் உள்ள ஃபைல்களைப் படிக்கும் வரிசை, இந்த மூன்றையும் ஒப்பிடுங்கள். கோப்புறைப் பட்டியல் எல்லாக் கணினியிலும் ஒரே வரிசையில் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

## அறிகுறி 4: முக்கியமான ஐட்டம் எப்போதும் ஒரே பக்கமாக விழுகிறது

உணர்வை வைத்து முடிவு செய்யாதீர்கள், எண்ணுங்கள். 10,000 சீடு உருவாக்கி, ஒரு ஐட்டம் ஒவ்வோர் இடத்திலும் எத்தனை முறை விழுந்தது என்று அட்டவணை போடுங்கள். 216 இடங்களில் சமமாகப் பரவினால் இடத்துக்குச் சுமார் 46 வரும், அதில் ஏழெட்டு கூடக் குறைய இருப்பது இயல்பு. 46 வர வேண்டிய இடத்தில் 400 வந்தால் விஷயம் இருக்கிறது.

முதலில், வைக்கும் வரிசையைக் கலைத்தீர்களா? அசூம்டு ஃபிலில் கடைசியாக வைக்கும் ஐட்டத்துக்கு, கையில் இருப்பதாகக் கொள்ள மற்ற ஐட்டங்கள் ஏதும் மீதம் இருக்காது, அதனால் அது ஆட்டத்தின் ஆரம்ப இடங்களுக்குள்ளேயே விழும். பூல் அகரவரிசையில் அப்படியே போனால் அந்த ஒரே ஐட்டம் ஒவ்வொரு சீடிலும் வீட்டு வாசலிலேயே கிடக்கும்.

அப்புறம், கலைப்பை நீங்களே எழுதினீர்களா? ஒவ்வொரு நிலைக்கும் முழுப் பட்டியலிலிருந்தும் ஓர் எண்ணை எடுத்து மாற்றிப் போடும் முறை தவறு. மூன்று ஐட்டத்துக்கு அது 27 பாதைகளைத் தரும், வரிசைகளோ 6தான், 27ஐ ஆறால் மீதியில்லாமல் வகுக்க முடியாதே. நூலகத்தில் உள்ள ஷஃபிளையே பயன்படுத்துங்கள்.

இரண்டும் சரி என்றால் உங்கள் முறையே சாய்வைத் தருகிறது. ஆரம்பத்திலிருந்து எட்டும் இடங்களிலேயே ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகும் ஃபார்வர்டு ஃபில் முக்கிய ஐட்டங்களை ஆட்டத்தின் முற்பகுதியில் குவிக்கும், பின்னால் உள்ள டஞ்சன்களில் வெறும் ரூபிதான் மிஞ்சும். அசூம்டு ஃபிலுக்கு மாறுங்கள். மாறிய பிறகும் முழுச் சமநிலை வராது, ரூல்கள் இருக்கும்வரை வரவும் முடியாது. கொஞ்சம் சாய்வு இருந்தால் விட்டுவிடலாம் என்பது என் கருத்து, ஆடுபவருக்கு ஊகிக்க முடியாமல் இருந்தால் போதும்.

## அறிகுறி 5: லாக்கில் ஒன்று, பெட்டியில் வேறொன்று

இது ஃபில் பிரச்சினையே அல்ல, ரோமில் (ஆட்டத்தின் மூல ஃபைல்) எழுதும் பிரச்சினை.

மூல ரோம் சரியானதா என்று அதன் செக்சம்மை (ஃபைலை அடையாளம் காட்டும் எண்) பாருங்கள். எ லிங்க் டு தி பாஸ்ட் ராண்டமைசருக்கு ஜப்பானிய 1.0 பதிப்பு வேண்டும், ஆக்கரினாவுக்கு அமெரிக்க 1.0, வேறு பதிப்பு கொடுத்தால் முகவரிகள் பொருந்தாது. பழைய சூப்பர் நின்டெண்டோ ஃபைல்கள் சிலவற்றின் தலையில் காப்பியர் கருவி சேர்த்த 512 பைட் ஒட்டியிருக்கும், எல்லா முகவரியும் அவ்வளவு தள்ளிப்போகும். ஃபைல் அளவை 1024ஆல் வகுத்து மீதி 512 வந்தால் அதை வெட்டிவிட்டு எழுதுங்கள்.

அடுத்து அட்டவணையின் அகலம். இந்த ஆட்டத்தில் பெட்டி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்: அறை எண்ணுக்கு 2, ஐட்டத்துக்கு 1. ஒன்று தள்ளி எழுதினால் ஐட்டத்துக்குப் பதில் அறை எண் அழியும், சில பெட்டிகள் காலியாகும். ஒரே ஒரு பெட்டியில் மட்டும் தெரிந்த ஐட்டத்தை எழுதி, எமுலேட்டரில் திறந்து பாருங்கள். அது சரியாக வந்து மற்றவை வரவில்லை என்றால் முகவரிப் பட்டியலில் எழுத்துப் பிழை.

எமுலேட்டரில் சரி, நிஜ கன்சோலில் தவறு என்றாலோ, ஐட்டத்தை எடுத்தவுடன் திரை உறைந்தாலோ, அதற்கு மேல் தனியாக முயல வேண்டாம். அது அசெம்பிளி தெரிந்த ரோம் ஹாக்கர்களின் வேலை, அவர்கள் ஒரு மாலையில் கண்டுபிடிப்பதை நீங்கள் வாரக்கணக்கில் தேடுவீர்கள். போகும்போது சீடு எண், செட்டிங், வெர்ஷன், ஸ்பாய்லர் லாக், உறைவதற்குச் சற்று முன் எடுத்த சேவ் ஸ்டேட், எந்த எமுலேட்டர் என்ற விவரம், இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். ரோம் ஃபைலை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், அதற்குக் காப்புரிமை உண்டு. உங்கள் பேட்சையும் மூல ரோமின் செக்சம்மையும் கொடுத்தால் அவர்களுக்குப் போதும்.